மாடம், விளக்கு, கண்ணாடி: மம்லூக் விளக்குகளும் எல்லைத் தமிழில் அவற்றின் பெயர்ப்பும்

1. சிக்கல்

எகிப்தையும் சிரியாவையும் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் (1250-1517) செய்யப்பெற்ற எனாமல் பூச்சுக் கண்ணாடி விளக்குகள் இடைக்கால இஸ்லாமியக் கலையின் தலைசிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுவன. அவை இன்று கெய்ரோ, இலண்டன், நியூயார்க் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் வடிவம், வண்ணம், செய்முறை ஆகியவை பற்றிக் கலை வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதியுள்ளனர். கெய்ரோ அருங்காட்சியகத்து விளக்குகளுக்குக் காஸ்தோன் வியேத் 1929இல் வெளியிட்ட பட்டியல் நூல் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவற்றை நோக்க வேண்டிய காரணம் வேறு. இவை எழுத்தைத் தாங்கிய விளக்குகள். அதிலும், விளக்கைப் பற்றிய ஒரு வாசகத்தைத் தாங்கிய விளக்குகள்.

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்து 35ஆம் வசனம் 'ஒளி வசனம்' எனப் பெயர்பெற்றது. இறையொளிக்கு உவமை கூறப் புகும் அவ்வசனம் மிஷ்காத், மிஸ்பாஹ், ஸுஜாஜா என்னும் மூன்று பொருள்களை அடுக்கிச் செல்கிறது. சுவரிலுள்ள குழிவு, அதனுள் விளக்கு, அவ்விளக்கைச் சூழ்ந்த கண்ணாடி என்பது அவ்வடுக்கு. கண்ணாடி பின்னர் ஒளிரும் விண்மீனுக்கு ஒப்பிடப்படுகிறது. மம்லூக் விளக்குகள் பலவற்றின் கழுத்தைச் சுற்றி எழுதப்பட்டிருப்பது இவ்வசனத்தின் தொடக்கப் பகுதியே. எனவே விளக்கு வசனத்துக்கு உரையாகிறது; வசனம் விளக்குக்குப் பெயராகிறது. ஒன்றை விடுத்து மற்றொன்றைப் பெயர்க்க முற்படுவோர் இரண்டிலும் பிழை செய்ய நேரும்.

இம்மூன்று சொற்களுக்கும் தமிழில் ஏறத்தாழ உறுதிப்பட்டுவிட்ட நிகரன்கள் உண்டு. அவை மாடம், விளக்கு, கண்ணாடி என்பன. சென்னையிலோ மதுரையிலோ அமர்ந்து படிப்பவருக்கு இவற்றில் சிக்கல் ஏதும் தோன்றாது. ஆனால் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பகுதிகளிலும் இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களிலும் தமிழ் படிப்பவர் இதே மூன்று சொற்களை மலையாளத்திலும் கேட்டு வளர்கின்றனர். சொல் ஒன்று, மொழி இரண்டு, பொருளும் இரண்டு. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலப் பிரிவினை நடைபெற்றபோது இப்பகுதிகள் கேரளத்துள் அமைந்தன. தமிழ்வழிக் கல்வி தொடர்ந்தபோதிலும், அதற்குரிய நூல்களைப் பெயர்ப்போர் தமிழகத்துச் சொல்லைக் கொள்வதா, அருகிலுள்ள மலையாளச் சொல்லைத் தமிழாக்கிக் கொள்வதா என்னும் இழுபறியில் இன்றும் உள்ளனர். பாலக்காட்டு இராவுத்தர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தமிழ்; கல்வி மொழியும் கடைவீதி மொழியும் மலையாளம். சமய நூலின் சொல் அவர்களுக்கு எந்த மொழியின் வழியாகப் பொருள்படும் என்பது கற்பனைச் சிக்கலன்று. இக்கட்டுரை இந்த எல்லைப்புற வாசகரை முன்னிறுத்தி அம்மூன்று நிகரன்களையும் மதிப்பிட முயல்கிறது.

2. விளக்கின் அமைப்பு

பெயர்ப்பை மதிப்பிடுமுன் பொருளைக் காண்பது முறை. மம்லூக் விளக்கு ஊதி உருவாக்கிய கண்ணாடிக் கலம். விரிந்த வாய், சரிந்து குறுகும் கழுத்து, பருத்த வயிறு, அடியில் வளையமோ உயர்ந்த பாதமோ உடையது. வயிற்றுப் பகுதியில் கண்ணாடியாலேயே ஆன சிறு காதுகள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் சங்கிலி பூட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவர். எண்ணெயும் திரியும் கொண்ட சிறு கிண்ணம் ஒன்று கலத்தின் உள்ளே இருக்கும். ஆகவே நாம் விளக்கு என்று காண்பது உண்மையில் விளக்கின் உறை. சுடர் வேறு, அதைத் தாங்கும் கிண்ணம் வேறு, அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கும் கலம் வேறு. உட்கிண்ணங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின.

கண்ணாடியைப் பொடித்து, நிறம் கூட்டி, குழைத்துக் கலத்தின்மேல் எழுதி, மீண்டும் உலையில் இடுவது எனாமல் பூச்சு. பூச்சு உருகி ஒட்ட வேண்டும். கலம் உருகிச் சாயக்கூடாது. இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில்தான் இக்கலை முழுதும் நடைபெற்றது. நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகிய நிறங்களும் பொன்பூச்சும் கையாளப்பெற்றன.

எழுத்தமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பல விளக்குகளில் கழுத்திலுள்ள இறைவசனம் நீல எனாமலால் எழுதப்பட்டிருக்கும். வயிற்றிலுள்ள வாசகமோ, நீலத்தைத் தரையாகப் பூசி எழுத்தை மட்டும் பூசாமல் விட்டு, அதைப் பொன்னால் அணிசெய்து அமைக்கப்பட்டிருக்கும். வயிற்று வாசகம் சுல்தானின் அல்லது அமீரின் பெயரையும் பட்டங்களையும் கூறுவது. உள்ளே சுடர் ஏற்றினால் கழுத்தெழுத்து ஒளியின் முன் கருமையாக நிற்கும். வயிற்றெழுத்தோ, சுற்றிலும் நீலம் ஒளியை மறைக்கத் தான் மட்டும் விளங்கித் தோன்றும். அரசன் பெயர் ஒளிர்கிறது, இறைவன் மொழி நிழலாகிறது என்று இதைக் குறைகூறவும் இடமுண்டு. இறைமொழி ஒளியின்மீதே எழுதப்பட்டது, அரசன் பெயர் இருளில் வெட்டிய சாளரம் மட்டுமே என்று போற்றவும் இடமுண்டு. கட்டுரையாளர் இரண்டாவதையே சார்வார். எவ்வாறாயினும், எழுத்து ஒளியைத் தடுப்பதா, விடுவதா என்பதை அக்கலைஞர் ஒரு பொருட்டாகவே கருதினர் என்பது தெளிவு. பெயர்ப்பாளரும் தம் சொல்லைப் பற்றி அதே வினாவை எழுப்பிக்கொள்ளலாம்.

கெய்ரோவில் 1356இல் தொடங்கிக் கட்டப்பெற்ற சுல்தான் ஹஸனின் பெருங்கட்டடத்துக்கென இத்தகைய விளக்குகள் பல செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி பின்னர்க் கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவ்வருங்காட்சியகம் 2014 சனவரி 24இல் அருகே நிகழ்ந்த குண்டுவெடிப்பில் பெருஞ்சேதம் அடைந்து, 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது.

3. மாடம்

மிஷ்காத் என்னும் சொல் அரபு வேரிலிருந்து கிளைத்ததன்று என்பதும், எத்தியோப்பியப் பழமொழியாகிய கீஇஸில் சாளரத்தைக் குறிக்கும் 'மஸ்கோத்' என்னும் சொல்லோடு உறவுடையது என்பதும் அறிஞர் பலரின் கருத்து. சுவரின் மறுபுறம் திறவாத குழிவு என்பது உரையாசிரியர்கள் கூறும் பொருள். தமிழில் இதற்கு மாடம் என்பது இயல்பான நிகரன். மண்சுவரில் அகல்விளக்கு வைக்க விட்ட மாடக்குழியைக் கண்டறிந்தோர்க்கு இவ்வுவமை உரையின்றியே விளங்கும். தமிழில் இதனைப் பிறை எனவும் வழங்குவர். எனினும் இஸ்லாமியச் சூழலில் பிறை என்றவுடன் வானத்துப் பிறையே முந்துமாதலால் பெயர்ப்பாளர் அதைத் தவிர்த்தது அறிவுடைமை.

மாடம் என்னும் சொல்லுக்குச் செவ்வியல் தமிழில் மேனிலை, மாளிகை என்ற பொருள்களே முதன்மையானவை. ஓங்கிய கட்டடத்தைக் குறித்த சொல் சுவர்க்குழிவையும் குறிக்க வந்தது. மலையாளத்தில் அதே சொல் குடிசையையும் காவற்பரணையும் குறிக்கும். கேரளக் கோயில்களின் சுற்றுச்சுவரில் மரச்சட்டம் அடித்து வரிசை வரிசையாக விளக்குகள் பொருத்தும் அமைப்புக்கு விளக்குமாடம் என்று பெயர். திருவிழா இரவில் அச்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சுடர்களாக விளங்கும். அதோடு நில்லாமல், கடற்கரையில் கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கத்துக்கும் மலையாளத்தில் விளக்குமாடம் என்றே பெயர்.

மாடம் என்று மட்டும் கூறினால் போதாது என எண்ணி, தெளிவு கருதி விளக்குமாடம் என்று ஒருவர் பெயர்ப்பாராயின் நிகழ்வது யாது? மதுரை வாசகர் சுவர்க்குழிவைக் காண்பார். சித்தூர் வாசகர் ஒரு கோயிற்சுவரையோ ஒரு கலங்கரை விளக்கத்தையோ காண்பார். ஒன்றனுள் ஒன்றாகச் சுருங்கிச் செல்லும் உவமை முதற்சொல்லிலேயே வெளிநோக்கி விரிந்துவிடும். தெளிவுக்காகச் சேர்த்த அடையே பொருளைக் கெடுக்கும் இடம் இது. எல்லைப்புறத்துக்கு மாடக்குழி என்பதே பொருந்தும். குழி என்னும் சொல் இருமொழிக்கும் பொது. அது உட்குழிவை உறுதிப்படுத்தும். மாடம் தமிழின் பழகிய சொல்லாக நிற்கும்.

அரபு மொழியிலேயே இச்சொல் இடம்பெயர்ந்துள்ளது என்பது பெயர்ப்பாளர் பலரும் கவனியாத செய்தி. இக்கால அரபு கலை வரலாற்று நூல்களும் அருங்காட்சியகக் குறிப்புகளும் மம்லூக் கண்ணாடி விளக்கையே மிஷ்காத் என்று குறிக்கின்றன. குழிவின் பெயர் விளக்குக்கு ஆயிற்று. வசனம் விளக்கின் கழுத்தில் எழுதப்பட்டதால் வசனத்தின் முதற்பொருட்பெயர் விளக்கின்மேல் ஏறியது எனக் கொள்ளலாம். நம் இலக்கணிகள் இதை இடவாகுபெயர் என்பர். அரபுப் பட்டியலிலிருந்து பெயர்ப்பவர் அகராதியை மட்டும் நம்பி 'கண்ணாடி மாடம்' என்று எழுதினால், கூரையில் தொங்குவதைச் சுவரில் பதித்தவர் ஆவார்.

இத்தகைய பெயரேற்றத்தை அயலிலே தேட வேண்டியதில்லை. சிம்னி என்பது மண்ணெண்ணெய் விளக்கின் சுடரைச் சூழும் கண்ணாடிக் குழலின் பெயராகத் தமிழில் வந்தது. பின்னர்ச் சிம்னி விளக்கு என விளக்கின் அடையாயிற்று. பேச்சில் சிம்னி என்றாலே விளக்கு. மலையாளத்தில் சிம்மினி விளக்கு என்பது பெரும்பாலும் கண்ணாடிக் குழலே இல்லாத தகரத் திரிவிளக்கு. வடகேரள வழக்கில் சிம்மினியெண்ணெய் என்றால் மண்ணெண்ணெய். கண்ணாடிக் குழலின் பெயர் விளக்குக்கு ஆகி, விளக்கிலிருந்து எண்ணெய்க்கு இறங்கி, இறுதியில் கண்ணாடியே இல்லாமற் போன பின்னும் பெயர் நின்றது. முதற்படி சினையாகுபெயர் என்பதில் ஐயமில்லை. இரண்டாம் படியை நன்னூலார் வகைப்பாட்டில் எதனுள் அடக்குவது என்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. மிஷ்காத் அடைந்த மாற்றத்தைப் பாலக்காட்டு வாசகருக்கு விளக்கச் சிம்னியைவிடச் சிறந்த சான்று இல்லை.

4. கண்ணாடி

சிக்கலின் மையம் மூன்றாவது சொல்லிலேயே உள்ளது. ஸுஜாஜா என்பது கண்ணாடி என்னும் பொருளையும் அதனால் ஆன கலத்தையும் குறிக்கும். தமிழ்ப் பெயர்ப்புகள் கண்ணாடி என்று எழுதுகின்றன. சிலர் இதன் போதாமையை உணர்ந்து, பிறைக்குறியுள் குவளை போன்றதொரு கலப்பெயரைச் சேர்க்கின்றனர். பிறைக்குறி இட்ட கை தயங்கிய கை. எங்கே தயங்கியது, ஏன் தயங்கியது என்பதே திறனாய்வாளர் காண வேண்டுவது.

தமிழில் கண்ணாடி முகம்பார்க்கும் கருவியையும் குறிக்கும். ஒளி ஊடுருவும் பொருளையும் குறிக்கும். மூக்கில் அணிவதையும் குறிக்கும். இவற்றுள் முந்தியது முகம்பார்க்கும் கருவியே. ஆடி என்னும் சொல் தனித்தே அப்பொருள் தருவது. பழங்காலத்து ஆடி உலோகத்தை மெருகிட்டுச் செய்தது. இதற்குக் கேரளமே வாழும் சான்று தருகிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் இன்றும் செய்யப்படும் ஆறன்முளைக் கண்ணாடியில் கண்ணாடியே இல்லை. பொருள் புதிதாக வந்தபோது கருவியின் பெயர் அப்பொருளுக்கு ஆயிற்று. கருவிப்பொருளின் பெயர் அதனால் ஆன காரியத்துக்கு ஆவதே நம் இலக்கணம் விரிவாகப் பேசும் நெறி. இங்கோ நெறி தலைகீழாகத் திரும்பியுள்ளது.

மலையாளத்தில் கண்ணாடி கண்ணாடிப் பொருளையும் ஓரளவு குறிக்குமேனும், முகம்பார்க்கும் கருவி என்ற பொருளே முன்னிற்கிறது. ஒளி ஊடுருவும் பொருளைக் குறிக்கச் சில்லு என்னும் சொல் அங்கு உள்ளது. பரவலாக வழங்கும் மலையாளப் பெயர்ப்பு ஒன்று இவ்விடத்தில் ஸ்படிகம் என்னும் வடசொல்லைக் கொண்டதும் இது கருதியே ஆகலாம். எல்லைப்புறத் தமிழர் கண்ணாடி என்று படிக்கும்போது ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடியை மனத்தில் கொள்ளும் வாய்ப்பு மிகுதி. விளக்கு ஆடிக்குள் இருப்பதாகப் படிப்பவருக்கு உவமை குழம்பும். அல்லது, ஆடியின் முன் வைத்த விளக்கு இரட்டித்துத் தோன்றும் வேறோர் உவமையை அவர் தாமே புனைந்துகொள்வார்.

இதனால் என்ன இழப்பு எனலாம். இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) இவ்வசனத்துக்கு 'மிஷ்காத்துல் அன்வார்' என்று ஒரு நூலே எழுதினார். மாடத்தைப் புலனறிவுக்கும், கண்ணாடியைக் கற்பனையாற்றலுக்கும், விளக்கை அறிவுக்கும் அவர் பொருத்துகிறார். கற்பனை தன் இயல்பில் பருமையானது. எனினும் தூய்மையாக்கப்பட்டால் கண்ணாடிபோல் ஒளியை மறைக்காமல் விடும். காற்றில் அணையாது சுடரைக் காக்கவும் செய்யும் என்பது அவர் கருத்தின் சாரம். அதே கஸ்ஸாலி, தம் பெருநூலாகிய 'இஹ்யா'வில் உள்ளத்தை ஆடிக்கு ஒப்பிடுகிறார். அது துருவேறுவது, மெருகேற்றத்தக்கது, எதிர்ப்பட்டதைக் காட்டுவது. அரபு மொழியில் ஒன்று ஸுஜாஜா, மற்றொன்று மிர்ஆத். ஒளியைக் கடத்துவதும் ஒளியைத் திருப்புவதும் சூஃபியருக்கு இருவேறு நிலைகள். தமிழில் இரண்டும் கண்ணாடி. கஸ்ஸாலியின் இரு நூல்களையும் தமிழில் படிப்பவர் அவர் ஒரே உவமையை இருமுறை கூறினார் என்று எண்ணிவிடக்கூடும். ஒரு மெய்யியல் வேறுபாடு ஒரு சொல்லின் பொருட்செறிவில் கரைந்துபோகிறது.

தமிழ் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாத மொழியன்று. நம் அறிவியல் தமிழார் இதை எப்போதோ தீர்த்துவிட்டனர். குழியாடி, குவியாடி என்று ஒளியியலில் ஆடியைத் திருப்பும் பொருளுக்கே உரியதாக்கிக் கண்ணாடியை ஊடுருவும் பொருளுக்கு விட்டுள்ளனர். பத்தாம் வகுப்பு மாணவன் அறிந்த இப்பாகுபாட்டைச் சமய, இலக்கியப் பெயர்ப்பாளர் கைக்கொள்ளாதது வியப்பே. மலையாள அறிவியல் நூல்கள் ஆடிக்குத் 'தர்ப்பணம்' என்று எழுதும். அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே பெயர்த்தெழுதினால் நீத்தார்க்கு நீர் விடும் சடங்காகிவிடும். எல்லைப்புறப் பெயர்ப்பாளர் காலூன்றும் நிலம் இத்தகையது.

சில்லு என்னும் சொல்லைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளலாமே எனக் கேட்கலாம். இருமொழி வாசகருக்கு அது உடனே விளங்கும். ஆயினும் தமிழில் சில்லு உடைந்த துண்டு. சிறுவர் ஆட்டத்தில் எறியும் ஓடு. விண்மீனுக்கு ஒப்பிடப்படும் முழுமையான கலத்தை உடைந்த துண்டின் பெயரால் அழைப்பது தகாது. பளிங்கு, படிகம் ஆகியவை மலைக்கல்லின் பெயர்கள். கண்ணாடி மனிதன் மணலிலிருந்து சமைத்தது. கஸ்ஸாலியின் உரை பருப்பொருள் தூய்மையாகித் தெளிவதையே அடிப்படையாகக் கொண்டது. இயல்பிலேயே தெளிந்த பளிங்கு அங்கே பொருந்தாது. கண்ணாடிக் குவளையில் குவளை என்பது குடிக்கும் கலம் என்னும் நினைவைத் தருகிறது. குவளை மலர் என்ற பொருளும் உடன் எழும். கண்ணாடிக்கூடு என்பது இவற்றினும் நன்று. கூடு என்றால் உள்ளே ஓர் உயிர்ப்பொருள் உண்டு, அதைச் சூழ்ந்து காப்பது இது என்பது பெறப்படும். மலையாளத்திலும் அச்சொல் அவ்வாறே பொருள்படும். மம்லூக் கலமும் சுடருக்குக் கூடுதானே. கண்ணாடிக்கூடு என்று உரைப்பகுதியிலேயே பிறைக்குறியின்றி எழுதி, ஆடி வரும் இடங்களில் ஆடி என்றே எழுதினால், எல்லையின் இருபுறத்து வாசகருக்கும் ஒளி தடையின்றிச் செல்லும்.

5. தொடரமைப்பு

சொல்லைவிடத் தொடரில் இழப்பு பெரிது. வசனத்தில் முதலில் வரும்போது ஒவ்வொரு பொருளும் பொதுச்சுட்டில் வருகிறது. அடுத்த வாக்கியம் அதே சொல்லை வரையறைச்சுட்டோடு தலையில் கொண்டு தொடங்குகிறது. விளக்கில் முடிந்தது விளக்கில் தொடங்கும். கண்ணாடியில் முடிந்தது கண்ணாடியில் தொடங்கும். இதைக் கண்டவுடன் தமிழறிந்தவர்க்கு அந்தாதி நினைவுக்கு வர வேண்டும். பிறமொழிப் பெயர்ப்பாளர்க்கு வாய்க்காத ஒரு தொடை மரபு நமக்குக் கைவசம் உள்ளது.

தமிழ் உரைநடையின் இயல்போ அதற்கு எதிரானது. பெயரெச்சம் பெயருக்கு முன் வருவதால் 'விளக்கு வைத்த மாடம்' என்ற அமைப்பு எளிதில் நாவில் வரும். பெயர்ப்பாளர் சிலர் அவ்வாறே செய்துள்ளனர். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் மூலத்தில் படிப்பவர் வெளியிலிருந்து உள்ளே செல்கிறார். முதலில் குழிவு, பின் சுடர், பின் அதன் உறை. பெயரெச்சத் தொடரில் விளக்கு முன்னே வந்து மாடம் பின்னே நிற்கிறது. நுழையும் வாயில் வெளியேறும் வாயிலாகிவிடுகிறது. 'ஒரு மாடக்குழி, அதனுள் விளக்கு' எனச் சிறு வாக்கியங்களாக முறித்து அந்தாதியாகத் தொடுப்பதே நேர்வழி. நீண்ட வாக்கியமே உயர்நடை என்னும் எண்ணம் இவ்விடத்தில் பெயர்ப்பாளரைக் கெடுத்தது.

மம்லூக் கலைஞரும் இவ்வசனத்தை முறித்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கழுத்தின் சுற்றளவு முடிந்த இடத்தில் வாசகம் நின்றுவிடும். வாக்கியம் முடிந்ததா என்று அவர்கள் பார்ப்பதில்லை. வசனத்தை மனப்பாடமாக அறிந்தவர் எஞ்சியதை மனத்தால் முடித்துக்கொள்வர். பட்டியல் நூலைப் பெயர்ப்போர் இதை அறியாமல், விளக்கில் இல்லாத எஞ்சிய பகுதியையும் நிறைவு கருதிச் சேர்த்தல் கூடாது. விளக்கில் எழுதியுள்ள அளவே பெயர்ப்பிலும் இருத்தல் வேண்டும்; குறையாக நிற்பின் குறையாகவே நிற்கட்டும்.

6. பெயரும் பட்டமும்

இவ்விளக்கைத் தமிழில் என்னவென்று அழைப்பது? ஐரோப்பிய நூல்களின் வழக்கைப் பின்பற்றிப் 'பள்ளிவாசல் விளக்கு' என்பது ஒரு வழி. இவ்விளக்குகள் பள்ளிவாசலுக்கு மட்டும் உரியனவல்ல. கல்விக்கூடங்களிலும் அடக்கத்தலங்களிலும் தொங்கின. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள அமீர் அய்தகீன் விளக்கு 1285ஐ ஒட்டி அவருடைய அடக்கத்தலத்துக்கெனச் செய்யப்பட்டது. மேலும், மூணாறு மலைப்பகுதியில் பள்ளிவாசல் என்பது ஊர்ப்பெயர். 1940இல் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய இடம் அது. தேவிகுளத்து முதியவரிடம் பள்ளிவாசல் விளக்கு என்றால் மின்விளக்கை நினைப்பார். அவரைக் குறைகூற இயலாது.

அரபு மொழியின் பொதுப்பெயராகிய கிந்தீல் இலத்தீன் 'கந்தேலா'விலிருந்து கிரேக்க வழியாக வந்தது. மராத்தியர் தீபாவளிக்குத் தொங்கவிடும் ஆகாச கந்தீல் அதன் பேரன். தமிழில் அது வேரூன்றவில்லை. ராந்தல் இருமொழிக்கும் பொது எனினும் கையில் தூக்கிச் செல்லும் காற்றுக்காப்பு விளக்கின் நினைவு அதில் மிகுதி. தூங்குவிளக்கு என்னும் பழந்தமிழ் ஆட்சி அழகியது. ஆனால் தூங்குதல் தொங்குதலாக இருந்த காலம் மாறி உறங்குதலாயிற்று. அணையா விளக்கைத் தூங்காவிளக்கு என்றும் கூறுவதால், தூங்குவிளக்கே தூங்காவிளக்காகும் விந்தையும் நேரும். கேரளக் கோயில்களில் சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்குக்குத் தூக்குவிளக்கு என்று பெயர். எல்லைத் தமிழரும் அறிந்த சொல். கண்ணாடித் தூக்குவிளக்கு என்பதையே கட்டுரையாளர் பரிந்துரைப்பார்.

பட்டப்பெயர்களில் வேறொரு கண்ணி உள்ளது. அமீர்கள் தம் அரசவைப் பதவியைக் காட்டும் சின்னத்தை விளக்கில் பொறித்தனர். கௌஸூன் என்னும் அமீரின் விளக்கில் (ஏறத்தாழ 1329-35) கிண்ணம் காணப்படுகிறது; அவர் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதுக்குச் சாகீ, அதாவது பானம் வழங்கும் பணியினராக இருந்தவர். அலீ இப்னு முஹம்மது என்னும் கலைஞர் தம் பெயரை இதில் பொறித்திருப்பதும் அரிய செய்தி. பெயர் பொறித்த விளக்குகள் மிகச் சிலவே. சாகீ என்பதற்கு நம் அரசவை மரபில் ஒத்த பதவி அடைப்பைக்காரர். அரசனுக்கு அணுக்கமாக நின்று வெற்றிலைப்பை தாங்கியவர், படிப்படியாகப் பெரும் அதிகாரம் பெற்றவர் என்ற வகையில் பணி ஒக்கும். ஆயின் விளக்கில் இருப்பது கிண்ணம்; வெற்றிலைப்பை அன்று. படம் சொல்லைக் கட்டுப்படுத்தும்போது பண்பாட்டு நிகரன் உதவாது. கிண்ணம் ஏந்துவோர் என்றே பெயர்த்தல் தகும். மைக்கூடு தாங்கும் தவாதாரை ஓலைநாயகம் ஆக்குவதும் அத்தகையதே. அவர் சின்னம் மைப்பெட்டி. அய்தகீனின் பட்டமாகிய புந்துக்தார் வில்லைக் குறிப்பது. விளக்கிலும் வில் இணையே உள்ளது. பைபர்ஸ் சுல்தான் இவரிடம் அடிமையாயிருந்தமையால் இப்பட்டத்தைத் தம் பெயரோடு தாங்கினார். அங்கே அது வில்லன்று, உறவு; ஆதலின் பெயர்க்காமல் ஒலிபெயர்த்தலே முறை.

பண்பாட்டு நிகரன் உதவும் இடமும் ஒன்றுண்டு. இன்னாருக்கென, இன்ன இடத்துக்கெனச் செய்யப்பட்டது என்னும் வாய்பாடு இவ்விளக்குகளில் வருவது. அதற்குச் 'செய்யப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை தட்டையாக நிற்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கு ஆடுகளை விட்டோர் செயல் 'வைத்த' என்னும் எச்சத்தால் குறிக்கப்பெறும். ஆட்டின் நெய்யால் நாள்தோறும் எரிய வேண்டும் என்ற கட்டளையும், கொடுத்தவர் பெயர் அழியாது நிற்க வேண்டும் என்ற வேட்கையும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். வக்ஃபு விளக்குகளின் பின்னுள்ள எண்ணமும் அதுவே. 'அமீர் இன்னார் வைத்த விளக்கு' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அறக்கொடை என்பது தனியே கூறாமல் விளங்கும். கல்வெட்டு வாய்பாட்டின் 'திரு' என்னும் அடையை மட்டும் இங்கே கொள்ளலாகாது. அது கோயிற் சொற்களஞ்சியத்தோடு பிரிக்க இயலாதவாறு ஒன்றியது. ஒரு வேறுபாடும் உண்டு. நம் கொடையாளர் பெயர் கோயிற்சுவரிலும் அதிட்டானத்திலும் கல்லில் இருக்கும். விளக்கு வேறிடத்தில் எரியும். மம்லூக் அமீரின் பெயரோ விளக்கின்மீதே, சுடருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. ஆகவே அங்கே 'வைத்த' என்பதோடு 'இவ்விளக்கு' என்னும் அண்மைச்சுட்டையும் சேர்த்தல் வேண்டும். கல்வெட்டிலிருந்து பெயர்க்கும்போது அச்சுட்டு தேவைப்படுவதில்லை.